நிக்கலின் நண்பர் பால் சபாத்தியே

தாவர எண்ணெயுடன் நிக்கல் முன்னிலையில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் வனஸ்பதி கிடைக்கும். இந்த ஒரு வரியை நாங்கள் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தும் விட்டோம். பிறகு ஒரு நாள் எங்கள் வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, எண்ணெயும் ஹைட்ரஜனும் சேருகின்றன, சரி, நடுவில் நிக்கலுக்கு என்ன வேலை, சிஸ்டர், என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. ஏறக்குறைய இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் நோபல் பரிசு பெற்றார், அவர் யாரென்று தேடி ஆண்டு மலருக்கு எழுதுங்கள் என்று வேலையை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார்.

இப்படித்தான் பால் சபாத்தியே எங்களுக்கு அறிமுகமானார். முதலில் பெயரிலேயே தடுமாறினோம். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துச் சபாட்டியர் என்று வாசித்தோம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள், சபாத்தியே என்று சொல்ல வேண்டும் என்று மதர் திருத்தினார். அடுத்த குழப்பம் நூலகத்தில். பால் சபாத்தியே என்று தேடியதும் அசிசி நகர் புனித பிரான்சிஸின் வரலாற்றை எழுதியவர் வந்து நின்றார். விஞ்ஞானி ஒருவர் புனிதரின் வரலாற்றையும் எழுதியிருக்கிறாரே என்று நாங்கள் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி அரை மணி நேரம்தான் நீடித்தது. அவர் அதே காலத்தில் பிரான்சில் வாழ்ந்த வேறொருவர், புராட்டஸ்டண்டு போதகர். நம்மவர் இரசாயனப் பேராசிரியர், கத்தோலிக்கர்.

இவர் 1854 நவம்பர் 5ஆம் நாள் தென் பிரான்சில் கார்க்கசோன் என்னும் ஊரில் பிறந்தார். மலைமேல் இரட்டை மதில்களும் கூரான கோபுரங்களும் சூழ்ந்த பழங்கோட்டை ஒன்று அங்கே உண்டு. அது இடிந்து கிடந்ததைச் சீர்படுத்தும் பணி அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கியிருந்தது. சிறுவன் பால், ஆட்கள் கல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருப்பார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். படிப்பில் சூரர். 1874இல் பாரிஸ் நகரில் ஆசிரியர்களை உருவாக்கும் புகழ்பெற்ற உயர் கல்விக்கூடமான எக்கோல் நொர்மாலில் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் வெளியே வரும்போது பௌதிகத்தில் முதல் மாணவர். நீம் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஓராண்டு பாடம் நடத்தினார். பின்பு மறுபடியும் பாரிஸ் சென்று, மார்செலென் பெர்த்லோ என்னும் பேரறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்து 1880இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்தப் பெர்த்லோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்நாளில் பிரெஞ்சு இரசாயன உலகில் அவர் வைத்ததுதான் சட்டம். பின்னாளில் அமைச்சராகவும் இருந்தார். திருச்சபையோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அணுக்களைக் கொண்டு இரசாயனம் எழுதுவதையும் நெடுங்காலம் எதிர்த்தவர். சபாத்தியேவோ விசுவாசமுள்ள கத்தோலிக்கர், அணுக் குறியீட்டை ஏற்று அதன்படியே பாடம் நடத்தியவர். அப்படிப்பட்டவருக்குப் பாரிஸில் நிழல் தரும் மரம் இராது. அவர் தெற்கே வந்துவிட்டார். போர்தோ நகரில் ஓராண்டு கழித்து, 1882இல் துலூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது பிறந்த ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவு. முப்பது வயது நிரம்பியதும், 1884இல், இரசாயனப் பேராசிரியர் ஆனார். 1930இல் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை விட்டு அவர் நகரவே இல்லை. நாற்பத்தாறு ஆண்டுகள்!

இனி நிக்கலுக்கு வருவோம். கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1890இல் லுட்விக் மோண்ட் என்பவரும் உடன் உழைத்தவர்களும் ஒரு விந்தையைக் கண்டார்கள். பொடியான நிக்கலின் மேல் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால், அந்த உலோகமே வாயுவோடு கூடி ஆவியாகிப் போய்விடுகிறது. குளிர்வித்தால் நிறமற்ற திரவம், அதுவும் கொடிய விஷம். கெட்டியான உலோகம் காற்றோடு காற்றாகப் போவதென்றால் யாருக்குத்தான் வியப்பாக இராது? சபாத்தியே அதைப் படித்துவிட்டு வேறொரு கோணத்தில் சிந்தித்தார். கார்பன் மோனாக்சைடு நிறைவுறாத மூலக்கூறு, இன்னும் கை நீட்டிக்கொண்டிருப்பது. அப்படிக் கை நீட்டும் வேறு வாயுக்களும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளுமோ? நைட்ரஜன் ஆக்சைடுகளைச் செம்பின் மேலும் மற்ற உலோகங்களின் மேலும் செலுத்திப் பார்த்தார். அடுத்து எத்திலீனும் அசெட்டிலீனும் அவர் மனத்தில் இருந்தன.

இந்தச் சோதனைகளை அவர் தனியாகச் செய்யவில்லை. அருகில் ஒரு குருவானவர் இருந்தார். அவர் பெயர் ழான் பத்தீஸ்து சாந்தரான்ஸ், 1856இல் பிறந்தவர். துலூஸில் உள்ள கத்தோலிக்க உயர்கல்விக் கழகத்தில் இரசாயனம் கற்பித்தவர். அரசாங்கத்துக்கும் திருச்சபைக்கும் பிரான்சில் பெரும் பிணக்கு நடந்த காலம் அது. 1905இல் இரண்டையும் பிரித்துச் சட்டமே இயற்றினார்கள். அந்த ஆண்டுகளில் அரசுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் அங்கி அணிந்த குருவும் ஒரே கண்ணாடிக் குழாயின் முன் குனிந்து நின்றார்கள் என்பதை நினைக்க எங்களுக்கு ஆனந்தமாக இருக்கிறது.

அசெட்டிலீனில் கை வைக்கும் நேரத்தில் ஒரு தடங்கல். பாரிஸில் ஆன்ரி முவாசான், மூரூ என்ற இரு விஞ்ஞானிகள் 1896இல் அதையே செய்துவிட்டார்கள். பொடி நிக்கலின் மேல் அசெட்டிலீனை விட்டதும் நிக்கல் தணல்போல் சிவந்தது, கரி படிந்தது, ஒரு வாயு வெளியே வந்தது. வாயு நிக்கலின் நுண்துளைகளில் நெருக்கியடித்துப் புகுவதால் பிறந்த சூடுதான் இது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வெளிவந்த வாயு ஹைட்ரஜன் என்றும் கொண்டார்கள். சபாத்தியேவுக்கு அந்த முடிவு திருப்தி தரவில்லை. ஆயினும் உடனே ஓடிப்போய் அந்த வேலையைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. இந்த ஆராய்ச்சியை நீங்கள் தொடரப் போகிறீர்களா என்று முவாசானிடமே விசாரித்தார். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் தொடங்கினார். பக்கத்துப் பெஞ்சுக்காரியின் கணக்கை எட்டிப் பார்த்து எழுதும் சிலர் (பெயர் சொல்லமாட்டோம்) இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

1897இல் சபாத்தியேவும் சாந்தரான்ஸும் அசெட்டிலீனை விட்டு, அதைவிடச் சாதுவான எத்திலீனை எடுத்துக்கொண்டார்கள். நிக்கல் ஆக்சைடுப் பொடியைக் குழாயில் பரப்பி, சூடேற்றி, அதன் மேல் ஹைட்ரஜனை ஓடவிட்டால், ஆக்சிஜன் நீராவியாகப் போய் மிக நுண்ணிய நிக்கல் மிஞ்சும். அதன் மேல் ஏறக்குறைய 300 டிகிரியில் எத்திலீனைச் செலுத்தினார்கள். கரி படிந்தது. வாயு வந்தது. பாரிஸ்காரர்கள் நுணுகிப் பாராமல் விட்ட அந்த வாயுவை இவர்கள் பிடித்து ஆராய்ந்தார்கள். அதில் ஹைட்ரஜன் மட்டும் இல்லை, ஈத்தேனும் இருந்தது!

இதில் என்ன பெரிய விஷயம் என்று சிறு வகுப்புத் தங்கைகள் கேட்பார்கள். எத்திலீனில் இரண்டு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் உள்ளன. ஈத்தேனில் கார்பன் அதே இரண்டு, ஹைட்ரஜன் ஆறு. கூடுதல் இரண்டு ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தன? சிதைந்துபோன சில எத்திலீன் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் மற்ற எத்திலீனோடு சேர்ந்திருக்க வேண்டும். சேர்த்து வைத்தது நிக்கல். அப்படியானால் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் நேராகவே கலந்து நிக்கலின் மேல் விட்டால்? விட்டார்கள். மெல்லிய சூட்டிலேயே எல்லாம் ஈத்தேனாக மாறியது. நிக்கல் மட்டும் செலவாகாமல் அப்படியே இருந்தது. எங்கள் பாட்டனார் காலப் புத்தகங்களில் கிரியா ஊக்கி என்றும் இப்போது வினையூக்கி என்றும் சொல்லப்படுவது இதுவே.

அதற்கு அடுத்த ஆண்டில், 1898இல், சபாத்தியேவின் மனைவி இறந்துவிட்டார். வீட்டில் நான்கு பெண் குழந்தைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாதவர், தோட்ட வேலையிலும் ஓவியங்களிலும் பிரியம் உள்ளவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காலையில் நான்கு பெண்களுக்கும் தலை பின்னிவிட்டது யார், காய்ச்சல் வந்தால் அருகில் உட்கார்ந்தது யார் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் எழுதவில்லை. விஞ்ஞானிகளின் வரலாற்றில் எங்களுக்குப் பிடிக்காத குறை இது. ஆனால் அவருடைய மிகப் பெரிய வேலைகள் யாவும் அந்தத் துயரத்துக்குப் பின் வந்த சில ஆண்டுகளிலேயே நடந்தன என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரிகிறது.

1901இல் பென்சீன் வளையத்தையே எடுத்துக்கொண்டார்கள். இலேசில் வளைந்து கொடுக்காத அந்த வளையம், 180 டிகிரியை ஒட்டிய சூட்டில், நிக்கலின் மேல் ஆறு ஹைட்ரஜன் அணுக்களை ஏற்றுச் சைக்ளோஹெக்சேன் ஆயிற்று. பிற்காலத்தில் நைலான் நூல் செய்யும் தொழிற்சாலைகளுக்கு இதுவே முதற்படி ஆனது. எங்கள் சடையில் கட்டும் ரிப்பனுக்கும் துலூஸ் நகரத்துக் கண்ணாடிக் குழாய்க்கும் இப்படி ஓர் உறவு! 1902இல் கார்பன் மோனாக்சைடையும் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேனும் நீரும் ஆக்கினார்கள்.

பின்வரிசைக்காரியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டு அணுக்கள் இறுகக் கைகோத்து நிற்பது. ஒரு மோல் ஹைட்ரஜனில் அந்தக் கைகளைப் பிரிக்க 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எண்ணெயோ எத்திலீனோ அருகில் வந்தாலும் அவை தாமாகப் பிரியமாட்டா. நிக்கலின் முகத்தில் உள்ள அணுக்களுக்கோ ஒரு பக்கம் துணையில்லாமல் வெறுங்கை. ஹைட்ரஜன் அங்கே வந்து இறங்கியதும் ஒவ்வோர் அணுவும் தன் ஜோடியை விட்டு நிக்கலின் கையைப் பிடித்துக்கொள்கிறது. எத்திலீனும் பக்கத்தில் வந்து அமர்கிறது. கோலாட்டத்தில் ஜோடி மாறுவது போல, ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக நிக்கலின் கையை விட்டு எத்திலீனோடு சேர்கின்றன. ஈத்தேன் எழுந்து போய்விடுகிறது. நிக்கலின் கை மறுபடியும் காலி.

வாயு துளைகளில் நெருங்குவதால்தான் வினை நடக்கிறது என்று பலரும் சொல்லிவந்த நாளில், உலோகத்தின் முகத்தில் தற்காலிகமான ஒரு சேர்மம் தோன்றி மறைகிறது என்று சபாத்தியே உறுதியாகச் சொன்னார். நிக்கல் ஹைட்ரைடு என்று அவர் கற்பனை செய்தது அப்படியே சரியல்ல, அணுக்கள் மேற்பரப்பில் ஒட்டி நிற்கின்றன என்பதே பின்னர் தெளிந்தது. 2007இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் கெர்ஹார்ட் எர்ட்ல் போன்றோர், உலோகங்களின் மேல் ஹைட்ரஜன் தனித்தனி அணுக்களாக அமர்வதை நுட்பமான கருவிகளால் காட்டினார்கள். ஆனால் அந்தப் பிடி அளவாக இருக்க வேண்டும் என்று சபாத்தியே கண்டது இன்றும் அவர் பெயராலேயே சபாத்தியே கொள்கை எனப்படுகிறது. தங்கம் ஹைட்ரஜனை ஏறிட்டும் பார்ப்பதில்லை, ஆகவே பிரிப்பதும் இல்லை. டங்ஸ்டன் இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் மூன்றும் நடுத்தரம்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். எங்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. எல்லா உலோகமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. நிக்கல் வேகக்காரி. விட்டால் பென்சீன் வளையத்தையும் நிரப்பிவிடுவாள். செம்பு நிதானமானவள். நைட்ரோபென்சீனைச் செம்பின் மேல் ஹைட்ரஜனோடு அனுப்பினால், நைட்ரோ பகுதி மட்டும் மாறி அனிலீன் கிடைக்கும், வளையம் தொடப்படாமல் இருக்கும். சாயத் தொழிலுக்கு அனிலீன்தான் வேண்டும், வளையம் கெட்டுவிட்டால் பயன் இல்லை. கந்தகம் போன்ற அசுத்தம் சிறிது சேர்ந்தாலும் நிக்கலின் வேகம் குன்றிவிடுவதையும் பார்த்தார்கள். அதை வினையூக்கியின் விஷம் என்பார்கள். அந்த விஷத்தையே பிற்காலத்தில் மருந்தாக்கிக் கொண்டார்கள். சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் லிண்ட்லார் என்பவர் 1952இல், சுண்ணாம்பான கால்சியம் கார்பனேட்டின் மேல் பல்லேடியத்தைப் பூசி, ஈயத்தால் அதன் வேகத்தை வேண்டுமென்றே தணித்தார். முப்பிணைப்பு இரட்டைப் பிணைப்பானதும் வேலை நின்றுவிடும், மேலே போகாது. வைட்டமின் ஏ தயாரிப்பதற்கு அப்படி ஒரு பக்குவம் தேவைப்பட்டது. பிளாஸ்டிக் செய்யும் எத்திலீனில் கலந்திருக்கும் சொற்ப அசெட்டிலீனை நீக்கவும் பல்லேடியம்தான். அசெட்டிலீன் உலோகத்தை இறுகப் பற்றி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எத்திலீனுக்கு உட்கார இடமில்லை. எனவே எத்திலீன் கெடாமல் தப்பிவிடுகிறது.

உலோகத்தை ஏன் இன்னொரு பொருளின் மேல் பூசுகிறார்கள் என்றும் கேட்டோம். வேலை நடப்பது மேற்பரப்பில் மட்டும். ஒரு கட்டி நிக்கலில் உள்ளே கிடக்கும் அணுக்கள் எல்லாம் சும்மா இருப்பவை. பொடியாக்கினால் பரப்பு கூடும். ஆனால் ஜவ்வரிசி வெந்நீரில் ஒட்டிக்கொள்வது போல, சூட்டில் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். அதனால் நுண்துளைகள் நிறைந்த அலுமினா, சிலிக்கா, டயட்டம் மண் போன்றவற்றின் மேல் தூவி, ஒவ்வொரு துகளையும் தனித்தனியே உட்கார வைக்கிறார்கள். இதற்கென்றே தயாரித்த ஒரு கிராம் அலுமினாவின் உட்பரப்பை விரித்தால் நூறு சதுர மீட்டருக்கும் மேல் வருமாம். எங்கள் பத்தாம் வகுப்பு அறையும் ஒன்பதாம் வகுப்பு அறையும் சேர்ந்து ஒரு சிட்டிகைப் பொடிக்குள்!

இவ்வளவு புகழ் வந்தால் பாரிஸ் சும்மா இருக்குமா? 1907இல் முவாசானும் பெர்த்லோவும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் வகித்த பேராசிரியர் பதவிகளுக்கு வருமாறு சபாத்தியேவை அழைத்தார்கள். முன்பு நிழல் தராத நகரமே இப்போது ஆசனம் போட்டு அழைத்தது. அவர் போகவில்லை. துலூஸிலேயே அறிவியல் பிரிவின் தலைவராக இருந்து, இரசாயனத்துக்கும் மின்னியலுக்கும் விவசாயத்துக்கும் தனித்தனிக் கல்விக்கூடங்கள் எழ உழைத்தார். பாரிஸில் குடியிருப்பவர்தாம் பிரெஞ்சு விஞ்ஞான அகாதமியில் முழு உறுப்பினர் ஆகலாம் என்பது பழைய வழக்கம். வெளியூர் அறிஞர்களுக்கென்று 1913இல் ஆறு இடங்கள் புதிதாக ஏற்படுத்தப்பட்டன. அவற்றில் முதலில் அமர்ந்தவர் சபாத்தியே. அவர் பாரிஸுக்குப் போகாமலே அகாதமி துலூஸுக்கு வந்துவிட்டது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் நோபல் பரிசு. 1912ஆம் ஆண்டு இரசாயனப் பரிசை அவருக்கும், மக்னீசியச் சேர்மங்களைக் கண்ட விக்டர் கிரிக்னார்டுக்கும் பகிர்ந்தளித்தார்கள். சாந்தரான்ஸ் அடிகளின் பெயர் அதில் இல்லை.

இதைப் படித்ததும் எங்கள் குழுவில் சண்டையே மூண்டது. 1897இல் வெளிவந்த முதல் கட்டுரையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பென்சீன் கட்டுரையிலும் மீத்தேன் கட்டுரையிலும் இரண்டு பெயர்கள். 1905இல் பிரெஞ்சு அகாதமி ஒரு பரிசை இருவருக்கும் சேர்த்தே தந்தது. அப்படியிருக்க, பரிசுகளில் பெரிய பரிசு மட்டும் ஒருவருக்கு என்றால் எப்படி? யோசனை யாருடையதோ அவருக்கே பரிசு என்று பாதிப் பேர் சொன்னோம். யோசனை மட்டும் இருந்தால் குழாயில் ஈத்தேன் வந்துவிடுமா என்று மறு பாதி கேட்டோம். 1905க்குப் பின் இருவரும் தனித்தனி வழியில் ஆராய்ச்சி செய்தார்கள், சபாத்தியே அல்போன்ஸ் மெய் என்ற வேறொருவரோடு சேர்ந்து உழைத்தார் என்பதும் உண்மை. சபாத்தியே தமது நோபல் சொற்பொழிவில் சாந்தரான்ஸின் பெயரைக் குறிப்பிடாமல் இல்லை என்பதும் உண்மை. பரிசு தருவோர் சபை துலூஸில் இல்லை, ஸ்வீடனில் இருந்தது. ஆகவே முழுப் பழியையும் சபாத்தியேவின் மேல் போட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தக் குருவானவரின் பெயரை இந்த மலரிலாவது முழுவதுமாக அச்சிட வேண்டும் என்று எல்லாருமாகத் தீர்மானித்தோம். மேலே எழுதியிருக்கிறோம். இன்னொரு முறையும் எழுதுகிறோம்: அருள்தந்தை ழான் பத்தீஸ்து சாந்தரான்ஸ். அவர் சோர்ந்துவிடவில்லை. தொடர்ந்து ஆராய்ச்சி செய்தார். 1922இல் அகாதமி அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. 1937இல், பைரனீஸ் மலையடிவாரத்தில் தாம் பிறந்த பார்பஷான் கிராமத்திலேயே காலமானார்.

சபாத்தியேவும் தவறியதுண்டு. அசெட்டிலீனையும் ஹைட்ரஜனையும் உலோகங்களின் மேல் விட்டுப் பெட்ரோலியம் போன்ற திரவங்களைத் தயாரித்தவர், பூமிக்கடியில் பெட்ரோலியம் உண்டானதும் இப்படித்தான் என்று கருதினார். அது நிலைக்கவில்லை. பெட்ரோலியம் பண்டைக் கடல் உயிர்களின் மிச்சம் என்பதே இன்று ஏற்கப்பட்டது. இன்னொன்று, அவர் ஆவியாகக்கூடிய பொருள்களையே நிக்கலின் மேல் செலுத்தினார். எண்ணெய் அப்படி ஆவியாகாது. திரவ எண்ணெயிலேயே நிக்கலைக் கலந்து ஹைட்ரஜனைச் செலுத்தலாம் என்று கண்டு 1902இல் காப்புரிமை பெற்றவர் வில்ஹெல்ம் நார்மன் என்னும் ஜெர்மானியர். எண்ணெயைக் கெட்டியாக்கும் பெருந்தொழில் அவர் வழியிலேயே வளர்ந்தது.

அந்தத் தொழில் 1937இல் டால்டா என்ற பெயரில் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்தது. பனைமரம் போட்ட அந்த மஞ்சள் டின்கள் எங்கள் பாட்டிமார் வீடுகளில் காலியான பிறகு துளசிக்கும் ரோஜாவுக்கும் தொட்டியாகி இருந்தன. நெய்க்கு வழியில்லாத வீட்டிலும் தீபாவளிக்குப் பலகாரம் செய்ய முடிந்தது. ஆனால் அதில் ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்பு நிக்கலின் மேல் வந்து அமரும்போது, சில சமயம் ஒரு ஹைட்ரஜன் அணு ஒட்டியபின் இரண்டாவது வந்து சேருமுன் முதலாவது விலகிவிடுகிறது. பிணைப்பு மீண்டும் உண்டாகிறது, ஆனால் முறுக்கித் திரும்பிய நிலையில். அதுவே டிரான்ஸ் கொழுப்பு. அது இதய நோயை வளர்ப்பது நெடுநாள் கழித்தே தெளிவாயிற்று. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் கொழுப்பிலும் அது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று இந்தியாவில் விதி செய்தார்கள். கைமாறும் ஆட்டத்தில் பாதியில் விலகியவரால் வந்த வினை என்று எங்கள் பின்வரிசைக்காரி சொல்கிறாள். கேள்வி கேட்டவள் என்பதால் அவளுக்கு இந்த உரிமை உண்டு.

1902இல் அவர்கள் மீத்தேன் செய்த வினை 2010இல் விண்வெளிக்கே போனது. பூமியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அவ்வாண்டு சபாத்தியே பெயரால் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வீரர்கள் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் செலுத்தி, அதிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். கூடவே உண்டான மீத்தேனை வெளியே விட்டார்கள்.

துலூஸில் ஒரு பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் சபாத்தியேவின் பெயரைத் தாங்கி நின்றது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் சில ஆண்டுகள் வகுப்பு நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சு வீழ்ந்து பாரிஸ் பகைவர் வசமாகியிருந்த காலத்தில், தெற்கே தம் துலூஸ் நகரிலேயே, 1941 ஆகஸ்டு 14ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்பு விழாவுக்கு முந்தைய நாளன்று, தமது 86ஆம் வயதில் பால் சபாத்தியே கண்மூடினார்.